தன் முறை வரும்வரை



2018 ஆகஸ்ட் 27, திங்கட்கிழமை. அன்று அமெரிக்கா முழுவதும் ஒரே ஒரு கொடிக்கம்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அரிசோனா மாநில செனட்டர் ஜான் மெக்கெய்ன் இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை மாலை, மூளைப் புற்றுநோயால் இறந்திருந்தார். இன்னும் நான்கு நாள் இருந்திருந்தால் அவருக்கு 82 வயது நிறைந்திருக்கும். அந்நாட்டுச் சட்டப்படி, காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் மறைந்தால் அன்றும் மறுநாளும் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறக்க வேண்டும். அதற்கு மேல் நீட்டிப்பது அதிபரின் விருப்பம். மூத்த தலைவர்கள் மறைந்தால் அடக்கம் முடியும்வரை நீட்டிப்பதும் உண்டு. ஆனால் திங்கட்கிழமை காலையில் வெள்ளை மாளிகையின் கொடி கம்பத்தின் உச்சிக்கு ஏறியிருந்தது. சற்றுத் தள்ளி, நாடாளுமன்றக் கட்டடத்தில் அது இன்னும் அரைக்கம்பத்தில்தான் பறந்தது.

அதிபர் டிரம்புக்கும் மெக்கெய்னுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த செய்தி. 2015-இல், தேர்தல் களத்தில் இறங்கிய புதிதிலேயே டிரம்ப் மெக்கெய்னின் வீரத்தைக் கேலி செய்தார். எதிரியிடம் பிடிபட்டதனால்தானே அவருக்கு வீரர் என்ற பெயர், எனக்குப் பிடிபடாதவர்களைத்தான் பிடிக்கும் என்று மேடையிலேயே சொன்னார். அன்றே முன்னாள் படைவீரர் சங்கங்கள் கொதித்தன. மூன்று ஆண்டு கழித்து, கொடி உச்சிக்கு ஏறிய அந்தத் திங்கட்கிழமை, அமெரிக்கன் லீஜியன் தன் நூறாவது தேசிய மாநாட்டை மினியாபொலிஸ் நகரில் நடத்திக்கொண்டிருந்தது. அது 1919-இல் தொடங்கிய சங்கம். அப்போது சுமார் இருபது லட்சம் முன்னாள் படைவீரர்கள் அதில் உறுப்பினர்களாக இருந்தார்கள். ஆட்சியில் இருப்பவர்களோடு மோதுவது அதன் வழக்கமில்லை. அதன் தேசியத் தலைவர் டெனிஸ் ரோஹன் அதிபருக்கு வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தார்: மெக்கெய்னின் மறைவுக்கு உரிய முறையில் ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள், அடக்கம் முடியும்வரை கொடி தாழ்ந்தே இருக்கட்டும். ஆம்வெட்ஸ் என்ற இன்னொரு சங்கம் இன்னும் கடுமையாகப் பேசியது. பிற்பகலுக்குள் கொடி மறுபடி இறங்கியது. அதிபரின் ஆணையும் வந்தது.

எனக்கு இதில் அரசியலைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்கெய்னை நேரில் பார்த்தவர்கள் அல்ல. எல்லோரும் அவருக்கு வாக்களித்தவர்களும் அல்ல. ஈராக் போரில் அவரோடு மாறுபட்டவர்கள் அவர்களுக்குள்ளேயே ஏராளம். அப்படியிருந்தும் அவருக்குரிய மரியாதை குறைந்தபோது அதைத் தங்களுக்கு நேர்ந்ததாக எடுத்துக்கொண்டார்களே, அது ஏன்? அவர் வியட்நாம் போரில் வென்றவர் அல்ல. சுட்டு வீழ்த்தப்பட்டவர், ஐந்தரை ஆண்டு கைதியாக இருந்தவர். சித்திரவதை தாங்காமல் எதிரி நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டவர். இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர்கள் வணக்கம் செலுத்தினார்கள். ஏன் என்று சொல்லத்தான் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

அவர் பிறந்த குடும்பத்திலிருந்து தொடங்க வேண்டும். பாட்டனார் ஜான் மெக்கெய்ன் கடற்படைத் தளபதி. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் விமானம் தாங்கிக் கப்பல்களை வழிநடத்தினார். 1945 செப்டம்பர் 2-இல் மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பியவர், நான்காம் நாள் இறந்துபோனார். தந்தையும் அதே பெயர் கொண்டவர், அவரும் அட்மிரல். பேரன் 1936-இல் பனாமா கால்வாய்ப் பகுதியில் ஒரு கடற்படைத் தளத்தில் பிறந்தார். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றபோது 899 பேரில் 894-ஆவது இடம். ஒழுங்கு மீறல், குறும்பு, தண்டனை என்றே நான்கு ஆண்டும் கழிந்தன. பெரிய இடத்துப் பிள்ளை என்ற பெயர் ஒரு பக்கம், தேறாத பிள்ளை என்ற பெயர் மறுபக்கம்.

பிறகு அவர் கடற்படை விமானியாகி வியட்நாம் போருக்குப் போனார். 1967 ஜூலையில் ஃபாரஸ்டல் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் தளத்தில் ராக்கெட் ஒன்று தவறிப் பாய்ந்து தீப்பிடித்தது. 134 பேர் மாண்டார்கள். தன் விமானத்திலிருந்து குதித்து ஓடிய மெக்கெய்னின் உடம்பில் வெடிச்சிதறல்கள் பாய்ந்தன. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போயிருக்கலாம்; ஒரிஸ்கனி என்ற மற்றொரு கப்பலுக்குத் தானாகவே கேட்டு மாறினார். அக்டோபர் 26 அன்று தன் 23-ஆவது தாக்குதல் பறப்பில் ஹனோய் நகரின் அனல்மின் நிலையத்தைக் குறிவைத்துப் பறந்தபோது, தரையிலிருந்து வந்த ஏவுகணை அவருடைய விமானத்தின் இறக்கையைப் பிய்த்தெறிந்தது. வெளியே தூக்கி எறியப்பட்ட வேகத்தில் இரண்டு கைகளும் ஒரு காலும் முறிந்தன. விழுந்த இடம் நகரத்தின் நடுவே இருக்கும் ட்ரூக் பாக் ஏரி.

இங்கே ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஏரிக்கரையில் இருந்தவர்கள் குண்டுமழையில் வாழ்ந்துகொண்டிருந்த மக்கள். அவர்களில் மாய் வான் ஓன் என்பவர் ஒரு மூங்கில் கழியோடு நீந்திச் சென்று, மூழ்கிக்கொண்டிருந்த எதிரி விமானியைக் கரைக்கு இழுத்து வந்தார். கரையில் கூடிய கூட்டம் அடித்தது. துப்பாக்கிக் கட்டையால் ஒருவர் தோளை நொறுக்கினார், துப்பாக்கிக் கத்தி காலில் இறங்கியது. காப்பாற்றியவரும் அடித்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். இரு தரப்பார் செய்ததும் எனக்குப் புரிகிறது. 1996-இல் மெக்கெய்ன் ஹனோய்க்குப் போய் அந்த மனிதரைச் சந்தித்து நன்றி சொன்னார்.

சிறைக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமியரை அடைப்பதற்காகக் கட்டிய ஹுவா லோ சிறைக்குத்தான் முதலில் கொண்டுபோனார்கள். சரியான சிகிச்சை இல்லை. பிடிபட்டவர் அட்மிரலின் மகன் என்று தெரிந்த பிறகே மருத்துவமனை கிடைத்தது. சில வாரம் கழித்து வேறொரு முகாமில், பட் டே, நாரிஸ் ஓவர்லி என்ற இரு விமானப்படை அதிகாரிகள் இருந்த அறைக்குள் அவரைக் கிடத்தியபோது, பிழைக்க மாட்டார் என்றே இருவரும் நினைத்தார்கள். எடை 45 கிலோ அளவுக்கு இறங்கியிருந்தது. மார்பைச் சுற்றி மாவுக்கட்டு, கொதிக்கும் காய்ச்சல். பட் டேயே தப்பியோடிப் பிடிபட்டு, அடிபட்டுக் கைகள் செயலிழந்து கிடந்தவர். ஓவர்லிதான் மெக்கெய்னைக் கழுவித் துடைத்தார், வாயில் சோறு ஊட்டினார், மலஜலம் கழிக்கத் தூக்கிப் பிடித்தார். என் உயிரைக் காத்தவர்கள் இவர்கள் இருவர்தான் என்று மெக்கெய்ன் பின்னால் எழுதினார். அந்த ஓவர்லி 1968 பிப்ரவரியில், வியட்நாமியர் முன்கூட்டி விடுவித்த மூவரில் ஒருவராக ஊருக்குப் போய்விட்டார்.

இந்த முன்கூட்டிய விடுதலைதான் நம் கதையின் மையம். அமெரிக்கப் படைவீரருக்கு ஒரு நடத்தை விதி உண்டு. கொரியப் போரில் கைதிகள் பட்ட பாட்டைப் பார்த்து 1955-இல் அதிபர் ஐசன்ஹோவர் வகுத்தது. எதிரியிடமிருந்து தனிச்சலுகை எதையும் ஏற்கக் கூடாது என்பது அதில் ஒன்று. ஹனோய் கைதிகள் அதை ஒரு வரிசையாக்கிக்கொண்டார்கள்: முதலில் பிடிபட்டவர் முதலில் போக வேண்டும். நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு. வரிசையின் முதலில் நின்றவர் எவரெட் அல்வாரெஸ். 1964 ஆகஸ்ட் 5 அன்று வீழ்த்தப்பட்டவர். மெக்கெய்னுக்கு முன்னால் மூன்று ஆண்டுக் கைதிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள்.

1968 கோடையில் அவருடைய தந்தை பசிபிக் பகுதி முழுமைக்கும் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். வியட்நாம் போரின் அமெரிக்கப் படைகள் அவர் ஆணையின் கீழ் வந்தன. அந்தச் சமயம் பார்த்துச் சிறை அதிகாரி மகனைக் கூப்பிட்டார். மேசையில் பலகாரம், சிகரெட். இதமான பேச்சு. வீட்டுக்குப் போக விருப்பமா என்று கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று அறைக்குத் திரும்பிய மெக்கெய்ன், சுவரில் தட்டிப் பக்கத்து அறைக்காரர் பாப் கிரேனரிடம் யோசனை கேட்டார். மெக்கெய்னால் கைகளை ஊன்றி எழுந்திருக்கக்கூட முடியாத நிலை. உன் உடம்புக்கு நீ போகலாம், தவறில்லை என்பதே கிரேனரின் பதில். ஆக, தோழர்களே அனுமதி கொடுத்துவிட்டார்கள். விதியிலும் இடமிருக்கிறது. அப்படியும் அவர் மறுத்தார். அட்மிரலின் மகன் முதலில் போய்விட்டான் என்ற செய்தியை மற்ற ஒவ்வொரு கைதியின் காதிலும் ஓதுவார்கள். பெற்றோர் பெரிய பதவியில் இல்லாத ஒருவனுக்கு அது எப்படி இருக்கும்? அமெரிக்காவில் சுதந்திர நாள் கொண்டாடும் ஜூலை 4 அன்று கடைசியாகக் கேட்டார்கள். முடியாது என்றார். இனி உனக்கு மிகவும் மோசமாக இருக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம் நாட்டில் நடந்த ஒன்று எனக்கு நினைவு வரும். 1965 இந்திய பாகிஸ்தான் போரின் கடைசி நேரத்தில் நம் விமானி ஒருவர் வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டார். அவர் ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவின் மகன். பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ் பணியாற்றியவர். பழைய மரியாதையில் மகனை உடனே விடுவிக்க முன்வந்தார். அங்கே கைதியாக இருப்பவர்கள் எல்லோரும் என் பிள்ளைகளே, எல்லோரையும் நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், இவனுக்கென்று தனியாக எதுவும் வேண்டாம் என்று அந்தக் குடகுநாட்டுக் கிழவர் சொல்லி அனுப்பினார். இங்கே மறுத்தவர் தந்தை, அங்கே மறுத்தவர் மகன். படையில் இருந்தவர்களுக்கு இது எந்த மொழியில் சொன்னாலும் விளங்கும்.

ஆகஸ்டில் மிரட்டல் நிஜமானது. கைகளைப் பின்னால் இழுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை வந்து அடித்தார்கள். இடக்கை மறுபடி முறிந்தது, விலா எலும்புகள் பிளந்தன. நான்கு நாள் இப்படி. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காவலர் பார்த்துத் தடுத்தார். கடைசியில், நான் ஒரு கொடிய குற்றவாளி, ஆகாயக் கொள்ளைக்காரன் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட வேதனை உடம்பின் வேதனையைவிடப் பெரிது. பாட்டன் பெயரைக் கெடுத்துவிட்டேன், தகப்பன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று உருகினார். அவரை மீட்டது சுவர்தான்.

அந்தச் சுவர் மொழியைச் சற்று விளக்கிச் சொல்கிறேன். ஆங்கில எழுத்துகளில் கே என்பதை விட்டுவிட்டு மீதி 25-ஐ ஐந்து வரிசை, ஐந்து கட்டமாக மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். கே வர வேண்டிய இடத்தில் சி. முதலில் வரிசை எண்ணைத் தட்டுவது, சற்று நிறுத்தி, கட்டத்தின் எண்ணைத் தட்டுவது. எம் என்ற எழுத்துக்கு மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு. மறுபக்கம் இருப்பவர் சாப்பிடும் குவளையைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்துக் கேட்பார். முற்றம் பெருக்குகிறவர் துடைப்பத்தின் இழுப்பிலேயே செய்தி சொல்வார். இருமலில் சொல்வதும் உண்டு. பிடிபட்டால் அடி, விலங்கு. 1968 மார்ச் முதல் இரண்டு ஆண்டு தனிமைச் சிறையில் இருந்த மெக்கெய்னுக்கு மனித உறவு என்பதே கிரேனர் தட்டிய அந்தச் சத்தம்தான்.

கைதிகளில் மூத்த கடற்படை அதிகாரியான ஜேம்ஸ் ஸ்டாக்டேல் இந்தச் சுவர்கள் வழியாகத்தான் ஆணைகள் அனுப்பினார். அவருடைய போதனையின் சாரம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சித்திரவதைக்கு முன்னால் எதையும் விட்டுக்கொடுக்காதே. சித்திரவதையில் எவனும் ஒரு கட்டத்தில் உடைந்துபோவான். உடைந்தால், உடைந்தேன் என்று அடுத்த அறைக்குத் தட்டிச் சொல், ஒளிக்காதே. தேறி எழுந்து மறுபடி எதிர்த்து நில். உன்னைவிட எல்லோரும் ஒன்றாக இருப்பது பெரிது. மெக்கெய்ன் தன் கையெழுத்தைப் பற்றித் தட்டிச் சொன்னபோது மறுபக்கத்திலிருந்து வந்தது ஆறுதல். ஏனென்றால் மறுபக்கத்தில் இருந்தவர்களும் கையெழுத்துப் போட்டவர்கள்.

எல்லா முன்கூட்டிய விடுதலையும் குற்றமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். டக் ஹெக்டால் என்று ஒரு கடைநிலை மாலுமி, இருபது வயதுப் பையன். கப்பலிலிருந்து கடலில் தவறி விழுந்து பிடிபட்டவன். விவரமில்லாதவன்போல நடித்ததால் காவலர்கள் அவனைத் தாராளமாக நடமாட விட்டார்கள். மூத்த அதிகாரிகள் அவனை விடுதலையை ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஆணையிட்டார்கள். 1969-இல் வெளியே வந்தபோது 250-க்கும் மேற்பட்ட கைதிகளின் பெயர்களை ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டில் மனப்பாடம் செய்து கொண்டுவந்தான். கணவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் இருந்த குடும்பங்களுக்கு அந்தப் பட்டியல் எப்பேர்ப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். வட வியட்நாமின் தலைவர் ஹோ சி மின் மறைந்த அந்த ஆண்டின் இறுதியிலிருந்து சிறையில் கொடுமையும் குறைந்தது.

1970 நவம்பரில் சோன் டே என்ற முகாமை அமெரிக்கக் கமாண்டோக்கள் தாக்கினார்கள். அங்கே ஒரு கைதியும் இல்லை. ஆனால் அந்தத் தாக்குதலுக்குப் பயந்து எல்லாரையும் ஹுவா லோவின் பெரிய கொட்டடிகளில் ஒன்றாக அடைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் சுவர் வழியாக மட்டும் பழகியவர்கள் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வகுப்புகள் நடந்தன. மெக்கெய்ன் தான் பார்த்த சினிமாக்களைக் காட்சி காட்சியாகச் சொல்வார், வழிபாடும் நடத்துவார். மைக் கிறிஸ்டியன் என்றொரு கடற்படை அதிகாரி, வெள்ளைத் துணியும் சிவப்புத் துணியும் கிடைத்ததைச் சேர்த்து, மூங்கில் ஊசியால் தன் சட்டையின் உட்புறத்தில் அமெரிக்கக் கொடியைத் தைத்தார். மாலையில் சூப் குடிப்பதற்கு முன் அந்தச் சட்டையைச் சுவரில் மாட்டி அனைவரும் உறுதிமொழி சொல்வார்கள். ஒரு சோதனையில் அது அகப்பட்டது. கதவுக்கு வெளியே, மற்றவர்கள் காதில் விழும்படி, அவரை மணிக்கணக்கில் அடித்து உள்ளே தள்ளினார்கள். அன்றிரவு மெக்கெய்ன் படுக்கப் போகும்போது மூலையைப் பார்த்தார். வீங்கிய கண்களோடு, மங்கலான விளக்கின் கீழே, கிறிஸ்டியன் இன்னொரு துணியை எடுத்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மெக்கெய்ன் பின்னாளில் எத்தனையோ மேடைகளில் தன் கதையைச் சொல்லாமல் இந்தக் கதையைத்தான் சொன்னார்.

1973-இல் பாரிஸ் அமைதி ஒப்பந்தப்படி 591 பேர் திரும்பினார்கள். அவர்கள் சிறைக்குள் வகுத்த வரிசைப்படியே விடுதலை நடந்தது: நோயாளிகள், பிறகு பிடிபட்ட முறைப்படி. பிப்ரவரி 12 அன்று முதல் விமானத்தில் அல்வாரெஸ் போனார். மெக்கெய்னின் முறை மார்ச் 14 அன்று வந்தது. ஐந்தரை ஆண்டு. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அவரால் கைகளைத் தோளுக்கு மேல் தூக்க முடிந்ததில்லை. தலை சீவவே மற்றவர் உதவி வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மே மாதம் ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதியது. அதில் தான் உடைந்ததையும் கையெழுத்திட்டதையும் அவரே எழுதினார். நாடு மாலை போட்டுக்கொண்டிருந்த நேரம். மறைத்திருந்தால் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். முன்னாள் படைவீரர்கள் அவரிடம் கண்ட பெருமை இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. போரிலிருந்து திரும்புகிற எவனுக்கும் வெளியே சொல்ல முடியாத ஒரு நாள் உண்டு. தான் பயந்த நாள், தோழனை விட்டுவிட்டு ஓடிய நாள். மாலையோடு நிற்கும் ஒருவர் தன்னுடைய அந்த நாளைத் தானே எடுத்துச் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்தவன் தன் நாளையும் யாரிடமாவது சொல்லலாம் என்று துணிந்தான்.

பின்னாளில் அவர் செய்த ஒரு காரியத்துக்கும் வேர் இதுவே. 2005-இல், ஈராக்கின் அபு கிரைப் சிறைக் கொடுமைகள் வெளிவந்த பிறகு, அமெரிக்கா பிடித்து வைத்திருக்கும் எவரையும் கொடுமையாக, இழிவாக நடத்தக் கூடாது என்ற சட்டத் திருத்தத்தை அவர் கொண்டுவந்தார். அவருடைய சொந்தக் கட்சியின் வெள்ளை மாளிகை தடுக்கப் பார்த்தது. ஓய்வுபெற்ற தளபதிகள் பலர் அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார்கள். காலின் பவலும் எழுதினார். செனட்டில் 90-க்கு 9 என்று நிறைவேறியது. சித்திரவதையில் உண்மை வராது என்பதற்கு அவர் தன்னையே சாட்சி வைத்தார். உன் படைப்பிரிவில் யார் யார் என்று ஹனோயில் அடித்துக் கேட்டபோது, ஒரு கால்பந்து அணியின் ஆட்டக்காரர்கள் பெயர்களை வரிசையாகச் சொன்னவர் அவர். எதிரி யார் என்பதல்ல கேள்வி, நாம் யார் என்பதே என்று அவர் திரும்பத் திரும்ப வாதாடினார்.

வியட்நாமோடு உறவு மலர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செனட்டர் ஜான் கெர்ரி அதே போரில் பதக்கம் வாங்கி, அதே போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர். அவரை மெக்கெய்னுக்கு ஆரம்பத்தில் பிடிக்காது. 1991 முதல் காணாமற்போன வீரர்களைத் தேடும் செனட் குழுவில் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். ஹுவா லோவில் மெக்கெய்ன் இருந்த அறைக்குள் இருவரும் சேர்ந்து நின்றார்கள். 1995 ஜூலையில் அதிபர் கிளின்டன் வியட்நாமோடு தூதரக உறவை அறிவித்தபோது பக்கத்தில் மெக்கெய்ன் நின்றார். படையில் சேராமல் தப்பித்தவர் என்று பெயர் வாங்கிய அதிபருக்கு, அந்த முடிவை எடுக்கும் துணிவை இந்தக் கைதியும் இந்தப் போர் எதிர்ப்பாளரும் கொடுத்தார்கள்.

இதற்காக அவரைத் துரோகி என்று திட்டிய முன்னாள் வீரர்களும் உண்டு. காணாமற்போனவர்கள் இன்னும் உயிரோடு சிறையில் இருக்கிறார்கள், மெக்கெய்ன் கதவைச் சாத்திவிட்டார் என்று அந்தக் குடும்பங்களில் சிலர் கடைசிவரை நம்பினார்கள். அவர்கள் துயரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2008 அதிபர் தேர்தலில் அவரோடு சிறையிருந்த ஒருவரே, இவருக்கு வாக்களிக்க மாட்டேன் என்று எழுதினார். தன்னை வதைத்தவர்களைக் குறிக்க மெக்கெய்ன் ஆசியர்களை இழிவு செய்யும் ஒரு சொல்லை 2000-இல் பயன்படுத்தி, எதிர்ப்பு வந்த பிறகே கைவிட்டார். ஈராக் போருக்கு அவர் கொடுத்த ஆதரவு பெரும்பிழை. சாகும் ஆண்டில் வெளிவந்த தன் கடைசிப் புத்தகத்தில், அந்தப் போர் தவறு, அதில் என் பங்குப் பழியை ஏற்கிறேன் என்று அவரே எழுதினார். அந்தப் போரில் இறந்தவர்களுக்கு அது தாமதம்தான்.

அவர் இறந்த செய்தி ஹனோய்க்குப் போனதும் மக்கள் அமெரிக்கத் தூதரகத்தில் இரங்கல் ஏட்டில் கையெழுத்திட வந்தார்கள். ட்ரூக் பாக் ஏரிக்கரையில் அவர் பிடிபட்டதைக் கொண்டாடும் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. கைகளைத் தூக்கி மண்டியிடும் ஒரு விமானி. அதாவது அவருடைய தோல்விக்கு வைத்த சிலை. அதன் காலடியில் மலர்க்கொத்துகள் குவிந்தன. ஹுவா லோ சிறையின் பழைய தலைவர் டிரான் ட்ராங் டுயெட், அங்கே சித்திரவதையே நடக்கவில்லை என்று சாதித்துவந்தவர். அவரும் இரங்கல் சொன்னார். அந்த மனிதனின் பிடிவாதத்துக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும் என்றார். அவர் மறுத்ததை நான் ஏற்கவில்லை. அவர் வருந்தியது பொய் என்றும் நினைக்கவில்லை.

இறுதிச் சடங்கு ஐந்து நாள் நடந்தது. என்ன நடக்க வேண்டும், யார் பேச வேண்டும் என்று நோயில் கிடந்தபடியே அவரே திட்டமிட்டு வைத்திருந்தார். ஆகஸ்ட் 29, அவருடைய பிறந்தநாளில், ஃபீனிக்ஸ் நகரில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் உடல் வைக்கப்பட்டது. பாலைவன வெயிலில் நின்று ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். முன்னாள் வீரர்கள் சங்கத் தொப்பியோடு வந்து, பெட்டியின் முன் விறைத்து நின்று வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். 31-ஆம் தேதி வாஷிங்டனில் நாடாளுமன்றக் கூடத்தில் 106 வயதுத் தாய் ரொபர்ட்டா சக்கர நாற்காலியில் வந்து, மகனின் பெட்டியைப் பார்த்துச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். மகன் சிறையில் இருந்த ஐந்தரை ஆண்டும் காத்திருந்த தாய் அவர்.

செப்டம்பர் 1 அன்று தேவாலயத்துக்குப் போகும் வழியில் ஊர்வலம் வியட்நாம் போர் நினைவுச் சுவரின் முன் நின்றது. கறுப்புக் கருங்கல்லில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டிய சுவர். வீழ்ந்த நாள் வரிசையில்தான் பெயர்கள் இருக்கும். பதவி வரிசை கிடையாது. மனைவி சிண்டி இறங்கி மலர்வளையம் வைத்தார். தேவாலயத்தில் தன்னை 2000-இலும் 2008-இலும் தோற்கடித்த புஷ்ஷும் ஒபாமாவும் தன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. மறுநாள் அனாபொலிஸில் சக் லார்சன் என்ற நண்பரின் பக்கத்தில் அடக்கம். லார்சன் அதே 1958 வகுப்பின் தலைவர், மாணவர் படை முழுமைக்கும் தளபதி. கடைசியிலிருந்து ஆறாவதாக வந்தவர் அவருக்குப் பக்கத்து இடத்தையே தேர்ந்திருந்தார்.

கடைசியாக ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 2014-இல் ஃபீனிக்ஸ் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஒரு முறைகேடு வெளியானது. சிகிச்சைக்குப் பதிந்தவர்களை மறைவான பட்டியலில் போட்டு மாதக்கணக்கில் காக்க வைத்திருந்தார்கள். காத்திருந்தபடியே சிலர் இறந்தார்கள். அது மெக்கெய்னின் சொந்த மாநிலம். அவர் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸோடு உட்கார்ந்து, அதே ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக 2018 ஜூன் 6 அன்று வந்த விரிவான சட்டத்துக்கு மூன்று முன்னாள் வீரர்களின் பெயர் வைத்தார்கள். மெக்கெய்ன்; இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஹவாய் செனட்டர் டேனியல் அகாகா; ஏறத்தாழ ஏழு ஆண்டு ஹனோயில் கைதியாக இருந்து, மெக்கெய்னோடு ஒரே அறையிலும் இருந்த சாம் ஜான்சன். இருவர் ஒரு கட்சி, ஒருவர் எதிர்க்கட்சி. அகாகா இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார். மெக்கெய்ன் அரிசோனா வீட்டில் நோயோடு இருந்தார்.

தனியார் கைக்கு எல்லாம் போய்விடுமோ என்ற அச்சம் அந்தச் சட்டத்தின் மேல் இன்றும் உண்டு. அது நியாயமான அச்சம். ஆனால் அதன்படி வகுத்த விதி இதுதான்: ஒருவர் சாதாரண மருத்துவரைப் பார்க்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர சராசரி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றாலும், அதற்கு 20 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டுமென்றாலும், அவர் தன் ஊருக்குப் பக்கத்திலேயே வேறு மருத்துவரிடம் போகலாம், செலவை அரசு ஏற்கும். 2019 ஜூன் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.